ஊருக்கு ஒரே வாய்

கிள்ளை,
தை மாதம், வெள்ளிக்கிழமை

அன்பு மகள் சரண்யாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே கடல் சுகம், கழி சுகம், நான் சுகம், உன் தம்பி சிலம்பரசன் சுகம். உன் அப்பாவின் வலது முழங்கால் ஒன்றுதான் சுகமில்லை, அதுவும் படகில் ஏறும்போது வலிப்பதில்லையாம், கடைக்குப் போய்வரச் சொன்னால் மட்டும் வலிக்கிறதாம். அயர்லாந்தில் நீயும் மாப்பிள்ளை ஆரோக்கியராஜும் உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க நம் மாரியம்மனையும் மாப்பிள்ளை கும்பிடும் மாதாவையும் சேர்த்தே வேண்டிக்கொள்கிறேன், இரண்டு பேரும் பெண்கள், தங்களுக்குள் பேசி ஒரு முடிவுக்கு வருவார்கள். ஃபோன் இருக்கும்போது அம்மாவுக்கு எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். ஃபோனில் நான் ஒன்றை ஆரம்பித்தால் நீ சரிம்மா சரிம்மா என்று சொல்லிக்கொண்டே பாத்திரம் கழுவுகிறாய், எனக்குத் தண்ணீர்ச் சத்தம் கேட்கிறது. வீடியோவில் வந்தாலோ என் நெற்றி மட்டும்தான் தெரிகிறது என்று சிரிக்கிறாய். இது நெற்றியைப் பார்த்துக்கொண்டு கேட்கிற விஷயம் இல்லை. டூட்டி முடிந்து வந்து, டீ போட்டுக்கொண்டு, உட்கார்ந்து படி.

இந்த வருஷம் பனி ஜாஸ்தி. காலையில் வாசலில் நின்றால் எதிர்வீட்டுத் தங்கம்மாள் அக்கா கோலம் போடுவது தெரிவதில்லை, அவள் வளையல் சத்தமும் இருமலும்தான் தெருவுக்கு அந்தப் பக்கம் ஒரு வீடு இருக்கிறது என்று சொல்கின்றன. படகுகள் போவதும் தெரியாது, வருவதும் தெரியாது, திடீரென்று பனிக்குள்ளிருந்து உன் அப்பா ஒரு கூடையோடு வருகிறார், எங்கேயோ வேறு உலகத்துக்குப் போய்விட்டு வந்தவர் மாதிரி. போன வாரம் எனக்கு ஒரு கனவு. நம் மடவை ஓடையில் தண்ணீர் ஏறிக்கொண்டே இருக்கிறது. தெருவைத் தாண்டி, கிள்ளை ஸ்டேஷனைத் தாண்டி, சிதம்பரம் கோபுரங்களைச் சுற்றிக்கொண்டு போய்க்கொண்டே இருக்கிறது. யாரும் பயப்படவில்லை, ரயிலில் இருக்கிறவர்கள் ஜன்னல் வழியாகக் கையை விட்டுத் தண்ணீரைத் தடவிப் பார்க்கிறார்கள். கடைசியில் அது உன் வீட்டு வாசலுக்கு வந்து நிற்கிறது, இரண்டு பக்கமும் சுரபுன்னை மரங்களையும் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறது. நீ கதவைத் திறந்து, டூட்டிக்குப் போடுகிற அந்த வெள்ளை ஷூவோடு இறங்கிவிட்டாய். ஷூவைக் கழற்று என்று நான் கத்துகிறேன், சத்தமே வரவில்லை. எழுந்ததும் அப்பாவிடம் சொன்னேன். "தண்ணிய கனவுல பாத்தா நல்லதும்பாங்க, ஷூவ பாத்தா இன்னான்னு தெரியலியே" என்று சொல்லிவிட்டுப் பல் துலக்கப் போய்விட்டார்.

வீட்டு விஷயம் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் பெரிய விஷயத்தில் மறந்துவிடும். சிலம்பரசனுக்குப் பெண் பார்க்கிறோம், அவனோ படகு எஞ்சினைத் தவிர எதையும் ஏறெடுத்துப் பார்ப்பதில்லை. கூரைக்கு ஷீட் மாற்றியாயிற்று, மழை பெய்தால் இப்போது பேச்சே கேட்பதில்லை, எனக்கும் அப்பாவுக்கும் சண்டை குறைந்திருக்கிறது. மாசி மகத்துக்கு ஸ்ரீமுஷ்ணம் பெருமாள் வழக்கம்போல கிள்ளைக்கு வரப்போகிறார், பந்தல் பேச்சு ஆரம்பித்துவிட்டது. கருவாடு அனுப்பட்டுமா என்றால் வேண்டாம் என்கிறாய், பக்கத்து வீட்டுக்காரர்கள் போலீசைக் கூப்பிடுவார்கள் என்கிறாய். அப்படிப்பட்டவர்கள் பக்கத்தில் எதற்கு வீடு எடுத்தாய் என்று எனக்குப் புரியவில்லை. குளிருக்குக் காதை மூடிக்கொண்டு போ. நல்லெண்ணெய் தேய்க்காமல் இருக்காதே.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். புரட்டாசியில் சத்யப்பிரியா என்று ஒரு பெண் நம் ஊருக்கு வந்தாள். பெண்ணாடத்துக்காரி, கரும்புக்காட்டில் வளர்ந்தவள், சிதம்பரத்தில் ஒரு அமைப்பில் வேலை செய்கிறாள், கடற்கரைச் சட்டங்களை ஊர் ஊராகப் போய்ச் சொல்லிக்கொடுப்பது அவர்கள் வேலை. கெளுத்திக்கும் கொடுவாவுக்கும் வித்தியாசம் தெரியாது, ஆனால் எந்த ஆபீசில் எந்த மேஜைக்குப் போகவேண்டும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வாள். நாங்கள் கருவாடு காயவைக்கிற மணலில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து நாலு மூலையிலும் கல் வைத்தாள். கரையோரத்துக்கு அரசாங்கம் புதிதாகத் தயார் செய்கிற வரைபடமாம், இன்னும் முடிவாகவில்லை, மக்கள் பார்த்துச் சரி தப்பு சொல்லலாமாம். எல்லாப் பெண்களும் குனிந்து பார்த்தோம். மாரியம்மன் கோயிலைக் கண்டுபிடித்தோம். பள்ளிக்கூடத்தைக் கண்டுபிடித்தோம். காட்டைப் பச்சையாகப் போட்டிருந்தார்கள். மடவை ஓடையை மட்டும் காணோம். தங்கம்மாள் அக்கா தாளைத் திருப்பிப் பின்பக்கம்கூடப் பார்த்தாள். ஓடை இருக்கவேண்டிய இடத்தில் வெள்ளையாக விட்டுத் தரிசு என்று எழுதியிருந்தது. சித்திரையில் தண்ணீர் வற்றிச் சேறு வெடித்துக் கிடந்தபோது வந்து அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை, தரிசுதானே என்று அங்கே மண் கொட்டி மேடாக்கி, சுற்றுலா வருகிறவர்களுக்கு வண்டி நிறுத்துமிடமும் தங்கும் குடில்களும் கட்ட ஒரு திட்டமும் போட்டிருக்கிறார்கள்.

ஓடை போனால் என்ன போகும் என்று உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை, இருந்தாலும் எழுதுகிறேன், எழுதினால் எனக்கு ஆறுதல். தண்ணீர் ஏறினால் மடவை மீன் துள்ளும், இறங்கினால் நாங்கள் பெண்கள் இடுப்பளவுத் தண்ணீரில் உட்கார்ந்து கையால் தடவி இறால் பிடிப்போம், படகு இல்லாதவளுக்கும் புருஷன் இல்லாதவளுக்கும் அந்த ஓடைதான் படகு, அதுதான் புருஷன். புயல் என்றால் ஊர்ப் படகு அத்தனையும் போய் ஒதுங்குவது அங்கேதான். நீ நர்சிங் படித்தது எதனால் என்று யாராவது கேட்டால் நான் ஓடையைத்தான் காட்டுவேன். அதை மூடிவிட்டால் நம் ஊர் அங்கேயே இருக்கும், வீடுகள் இருக்கும், ஆனால் எதற்கு இருக்கிறோம் என்று தெரியாமல் இருப்போம். அப்பாவிடம் சொன்னபோது முதலில் அவர் நம்பவில்லை. "அச்சடிச்சவன் மறந்துட்டிருப்பான், சொன்னா போட்டுடுவான்" என்றார். அவருக்கு எல்லோரும் நல்லவர்கள், என்னைத் தவிர.

ஐப்பசி ஆரம்பத்தில் கடலூரில் செம்மண்டலம் பக்கம் ஒரு மண்டபத்தில் கருத்துக் கேட்புக் கூட்டம் வைத்தார்கள். அதற்கு முன்னால் நம் ஊர்க்கூட்டம் கூடியது. நம் பழக்கம் உனக்குத் தெரியும், வரி கட்டுகிற ஆம்பிளைகள் கோயில் எதிரில் உட்கார்ந்து தொண்டை கட்டுகிற வரைக்கும் சண்டை போடுவார்கள், நாங்கள் வலைக் கொட்டகைக்குப் பின்னால் நின்று கேட்போம், ஆனால் முடிவு என்று ஒன்று வந்துவிட்டால் ஊருக்கு வெளியே ஊர்த்தலைவரான நாட்டார் ஒருவர் வாய்தான். அவர் பேசும்போது இன்னொருவர் வாயைத் திறந்தால் ஊரைக் காட்டிக்கொடுத்த மாதிரி. இப்போது நாட்டார் என் அண்ணன் என்பதும் உனக்குத் தெரியும். வேறு சாமி கும்பிடுகிற வீட்டில் கட்டிக்கொண்டாய் என்று உன் கல்யாணத்துக்கு வராத தட்சிணாமூர்த்தி மாமாவைப் பற்றி உனக்கு எழுதக்கூடாது என்றுதான் இத்தனை வருஷம் இருந்தேன், இந்தக் கடிதத்தில் எழுதாமல் முடியாது. வேன் பிடித்து எல்லோரும் போனோம். ஆண்கள் வெள்ளை வேட்டி, நாங்கள் திருவிழாப் புடவை. வெள்ளாற்றுப் பாலத்தில் போகும்போது தங்கம்மாள் அக்கா கையெடுத்துக் கும்பிட்டாள். மண்டபத்தில் மாமா எழுந்து போய் மைக்கைப் பிடித்து, "எங்க ஊரு இதுக்கு ஒத்துக்காது, ஓடை எங்களுக்கு வேணும்" என்று சொல்லிவிட்டு வந்து உட்கார்ந்தார். மண்டபமே அதிர்ந்த மாதிரி எனக்கு இருந்தது. அந்த அதிகாரி நல்ல மனுஷன், வேறு யாராவது பேசுகிறீர்களா என்று கேட்டார். நாங்கள் அசையவில்லை. பெண்கள் யாராவது என்று எங்களைப் பார்த்துக் கேட்டார். தூக்கத்திலும் பேசுகிற தங்கம்மாள் அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டு சாமி சிலை மாதிரி உட்கார்ந்திருந்தாள். நாட்டாரின் பேச்சுக்கு நாங்கள் கொடுத்த மரியாதை அது. திரும்பும்போது கடலூரில் ஒரு ஓட்டலில் எல்லோரும் பூரி தின்றோம், ஜெயித்துவிட்ட மாதிரி.

கார்த்திகை பிறப்பதற்கு முன்னால் சத்யப்பிரியா அந்தக் கூட்டத்தின் அறிக்கையை எடுத்துக்கொண்டு வந்தாள். வண்டியை நிறுத்திவிட்டு இறங்காமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தாள். நம் ஊரிலிருந்து ஆட்சேபம் தெரிவித்தவர் ஒருவர், வந்திருந்த மற்றவர்கள் ஆட்சேபம் எதுவும் தெரிவிக்கவில்லை என்று எழுதியிருந்தது. அதில் ஒரு வார்த்தை பொய் இல்லை, அதுதான் கொடுமை. மாமா அதைத் திரும்பத் திரும்பப் படிக்கச் சொன்னார். "ஒருத்தரா? நான் எப்பிடிம்மா ஒருத்தன்? நான் பேசினா ஊரு பேசினதுதான?" என்று அந்தப் பெண்ணையே கேட்டார். அவள், "அது நம்மளுக்கு மாமா, அவுங்களுக்கு வாய தொறந்தவங்கதான் கணக்கு, சும்மா ஒக்காந்திருந்தவங்க எல்லாம் சம்மதம்னு ஆயிடுச்சு" என்றாள். இத்தனை பேர் மரியாதைக்காக வாயை மூடிக்கொண்டிருந்தோம், அந்த மரியாதையை எடுத்து எங்கள் தலையிலேயே கொட்டிவிட்டார்கள். மாமா எழுந்து சட்டைகூடப் போடாமல் கரைப்பக்கம் போனார். அண்ணி சாப்பிடக் கூப்பிட்டு ஆள் அனுப்பியும் வரவில்லை. எனக்கு அவர்மேல் ஆயிரம் கோபம் இருந்தாலும் அன்றைக்கு அவர் நடந்துபோன விதத்தைப் பார்த்து அழுகை வந்துவிட்டது.

மேல்முறையீடு மாதிரி ஒரு மனு எழுதி சத்யப்பிரியா கொண்டுபோய்க் கொடுத்தாள், இன்னொரு முறை கேளுங்கள் என்று. அது என்ன ஆகும் என்று தெரியாமல் இருந்தபோது புயல் எச்சரிக்கை வந்தது. வழக்கம்போல எல்லாப் படகும் ஓடைக்குள் வந்து ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு நின்றன. வெளியே கடல் கத்துகிறது, உள்ளே ஓடையில் மழை விழுகிற சத்தம் மட்டும். ஒரு கரையிலிருந்து எதிர்க்கரைக்குப் படகுமேல் கால் வைத்தே நடந்துவிடலாம், அப்படி நெருக்கமாக நின்றன. மாமா அங்கே குடையோடு நின்றுகொண்டு, அந்த வரைபடத்தில் வெள்ளையாக இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். மழை விட்டதும் நேராக நம் வீட்டுக்கு வந்தார். நம் வீட்டுப் படி ஏறி எத்தனை நாளாயிற்று என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை. "பூவு, மறுபடி கூப்புட்டா நீ பேசுவியா?" என்றார். நீ இருக்கும்போது நான் எப்படிண்ணா பேசுவது என்றேன். "நான் இருந்ததுனாலதான இப்பிடி ஆச்சு" என்றார். நான் டீ போட்டுக் கொடுத்தேன், வேறு என்ன செய்வது. குடித்தார்.

ஊர்க்கூட்டத்தில் அதை ஒத்துக்கொள்ள வைத்ததுதான் பெரும்பாடு. ஆளாளுக்குப் பேசினால் ஆளாளுக்கு ஒன்று சொல்வான், ஒருவனை ஆசை காட்டி மாற்றிவிடுவார்கள், பொம்பளைகள் மைக் பிடித்தால் பக்கத்து ஊரான் சிரிப்பான் என்று கத்தினார்கள். மாமா, "ஓடை போனப்புறம் ஒத்துமையா எங்க போயி நிக்கப்போறீங்க?" என்று கேட்டார், சத்தம் அடங்கியது. அப்புறம் மார்கழி முழுக்க எங்களுக்குப் பயிற்சி. பயிற்சி என்றால் மண்டபத்தில் இல்லை, ஓடையில்தான், இறால் தடவும்போதே. அதை உனக்கு எப்படிச் சொல்வது சரண்யா, அந்த மாதிரிக் காலைகள் என் வாழ்க்கையில் இல்லை. பனி தண்ணீர்மேலேயே படுத்திருக்கும். கழுத்துவரை தண்ணீரில் உட்கார்ந்திருக்கிற பெண்களில் பக்கத்தில் இருக்கிறவளின் கொண்டைகூடத் தெரியாது. கை தண்ணீருக்குள் தடவிக்கொண்டே போகும், பனிக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பும், யாருடையது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆகும். எல்லோரும் எங்க ஊரு, எங்க சனம் என்றே ஆரம்பிப்பார்கள். கரையில் பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு நிற்கிற சத்யப்பிரியா, "ஊர விடுங்கக்கா, உங்கள சொல்லுங்க" என்று கத்துவாள். தங்களைச் சொல்ல ஆரம்பித்ததும் எனக்கு ஆச்சரியமாகிவிட்டது. கூடவே இருக்கிறவர்கள், எல்லாம் தெரியும் என்று நினைத்திருந்தேன். தங்கம்மாள் அக்கா புருஷன் செத்த வருஷம் அழுவதற்கு இடம் இல்லாமல் ஓடையில் வந்து உட்கார்ந்து அழுதாளாம், முகம் எப்படியும் நனைந்திருக்கும், யாருக்கும் தெரியாது என்று. பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்திருப்பேன் நான். ஒரே ஓடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம், ஒவ்வொருத்திக்கும் ஒரு ஓடை இருந்திருக்கிறது.

பொங்கல் முடிந்து சிதம்பரத்தில், தெற்கு வீதிக்குப் பக்கத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மறுபடி கூட்டம் வைத்தார்கள். அதே அதிகாரிதான் வந்தார். மாமா முதலில் எழுந்து, "நான் தட்சிணாமூர்த்தி, எனக்காக மட்டும் பேசறேன்" என்று ஆரம்பித்தார். அப்புறம் ஒவ்வொருவராக எழுந்தார்கள். என் முறை வந்தது. புடவைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு மைக்கிடம் போனேன். பெயர் சொன்னேன், கணவர் பெயர் என்ன என்று கேட்டார்கள், அவ்வளவு பேர் முன்னால் உன் அப்பா பெயர் வாயில் வரவில்லை. அதோ உட்கார்ந்திருக்கிறாரே அவர்தான் என்று கையைக் காட்டினேன். அவர் எழுந்து, முழங்கால் வலியெல்லாம் மறந்து, "சிற்றம்பலங்க" என்று பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி சொல்லிவிட்டு உட்கார்ந்தார். எல்லோரும் சிரித்தார்கள், அந்தச் சிரிப்பில் என் பயம் போய்விட்டது. நான் சொன்னேன், "ஐயா, நீங்க தண்ணி இல்லாத நேரம் வந்து பாத்துட்டு தரிசுன்னு எழுதிட்டீங்க. நீங்க தூங்கும்போது நான் வந்து பாத்துட்டு, இவருக்கு பேச்சு வராது, கண்ணு தெரியாதுன்னு எழுதிட்டு போனா நல்லாவா இருக்கும்? ஓடையும் கொஞ்ச நேரம் தூங்கும்ங்க. முழிச்சிருக்கும்போது வந்து பாருங்க" என்றேன். அவரும் சிரித்துவிட்டார். எப்போது வரட்டும் என்று கேட்டார். மாசி மகத்தன்று வாங்க, பௌர்ணமித் தண்ணீர் நல்லா ஏறும் என்றேன். வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். வருவாரா என்று எனக்குத் தெரியாது, வந்தாலும் வரைபடம் மாறுமா என்று சத்யப்பிரியாவுக்கே தெரியாது.

உட்காரப் போனேன். அப்போது அந்த அதிகாரி, சுனாமியன்று அந்த ஓடைப்பக்கம் எப்படி இருந்தது, பார்த்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா என்று கேட்டார். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சரண்யா, அன்றைக்குத் திருவாதிரை, நான் சிதம்பரத்தில் கோயிலில் இருந்தேன். அப்பா படகை எடுத்துக்கொண்டு தெற்கே போயிருந்தார். நீ நண்டு பிடிக்கிறேன் என்று தனியாக ஓடைக்குப் போனவள். அன்று சாயங்காலம் அப்பா உன்னைத் தூக்கிக்கொண்டு வந்தபோது உன் இரண்டு உள்ளங்கையிலும் சுரபுன்னைப் பட்டை அப்பியிருந்தது, கழுவியும் போகவில்லை. காடுதான் தண்ணீரைத் தாங்கிக்கொண்டது என்று ஊரே பேசுகிறது, பேப்பரில்கூட எழுதினார்கள். ஆனால் அந்தத் தண்ணீர் உள்ளே வந்ததை, அந்த மரங்கள் அதைப் பிடித்து நிறுத்தியதை, அங்கே நின்று பார்த்தது நீ ஒருத்திதான். அன்றிலிருந்து நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை சொன்னதில்லை. மைக்குக்கு முன்னால் நின்றுகொண்டு எனக்கு ஒரு நிமிஷம் ஆசை வந்தது, உனக்குப் பதில் நானே சொல்லிவிடலாம், எனக்குத் தெரிந்ததை வைத்துக் கோர்த்துவிடலாம், யார் கேட்கப்போகிறார்கள். ஓடையில் பனிக்குள் கேட்ட அந்தக் குரல்கள் ஞாபகம் வந்தன. "அத எம்பொண்ணுதாங்க சொல்லணும், அவ தூரத்துல இருக்கா" என்றேன். எழுத்தாக அனுப்பலாம், இமெயிலிலும் அனுப்பலாம், எந்த நாட்டில் இருந்தாலும் ஏற்றுக்கொள்கிறோம், மாசி மாதம் முடிகிறவரை நேரம் இருக்கிறது என்று அவர் சொன்னார்.

வேனில் திரும்பி வரும்போது எல்லோரும் பேசிப் பேசி ஓய்ந்திருந்தோம். வெளியே சாயங்கால வெயில் வயல்மேல் சாய்ந்து, கொக்கெல்லாம் மஞ்சளாக நின்றன. எனக்குக் கண் சொக்கியது. தில்லை மரக்காடு ஒரு காலத்தில் சிதம்பரம் கோயில்வரைக்கும் இருந்ததாம், தண்ணீரும் அதுவரை ஏறி இறங்கியிருக்கும் என்று யாரோ சொல்ல, நான் பாதித் தூக்கத்தில் மறுபடி அந்தக் கனவுக்குள் போய்விட்டேன், உன் வாசல், உன் வெள்ளை ஷூ. முன் சீட்டிலிருந்து மாமா திரும்பி என் முழங்கையைத் தொட்டார். "சரண்யா விலாசம் உங்கிட்ட இருக்கா?" என்றார். உன் பெயரை அவர் வாயால் கேட்டு எவ்வளவு காலம். இருக்குண்ணா என்றேன். "ஊருக் கணக்குலேருந்து அவ பேர எடுத்தது நான்தான். ஓடைகிட்டேருந்து யாரும் எடுக்கலியே, அது அப்பிடியேதான இருக்கும். எழுதச் சொல்லு" என்றார். அப்புறம் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார், கிள்ளை வரும்வரை திரும்பவில்லை. எனக்கு அவர்மேல் இருந்த கோபம் முழுக்கப் போய்விட்டது என்று சொல்லமாட்டேன், பாதி இன்னும் இருக்கிறது, அதை நீ வரும்போது சேர்ந்து பார்த்துக்கொள்ளலாம்.

அதற்குத்தான் இந்தக் கடிதம். சத்யப்பிரியாவின் நம்பரும் இமெயிலும் பின்பக்கம் எழுதியிருக்கிறேன், எந்த விலாசத்துக்கு அனுப்பவேண்டும் என்று அவள் சொல்வாள். மாமா கேட்டார் என்பதற்காக எழுதாதே. அம்மா அழுவாள் என்பதற்காகவும் எழுதாதே, நான் எப்படியும் அழுவேன். அந்த நாளை எடுத்து வெளியே வைக்க உனக்கு மனசு வரவில்லை என்றால் அதை விட்டுவிடு, மடவை துள்ளி உன் பாவாடையில் விழுந்ததை எழுது, சேற்றில் உன் கொலுசு போனதை எழுது, அதுவும் ஓடைதான். எதுவும் வேண்டாம் என்று தோன்றினால் எழுதாமலே இரு, உன்மேல் எனக்கு ஒரு வருத்தமும் வராது. வாயை மூடிக்கொண்டிருந்தால் சம்மதம் என்று எழுதிக்கொள்கிறவர்கள் அவர்கள், உன் அம்மா அப்படி எழுதிக்கொள்ளமாட்டாள். ஆனால் எழுதினால் உன் பெயரை முதலில் எழுது, மடவை ஓடைக்காரி என்று அதற்குப் பக்கத்தில் எழுது.

உடம்பைப் பார்த்துக்கொள். ராத்திரி டூட்டிக்குப் போகும்போது வெறும் வயிற்றோடு போகாதே. மாப்பிள்ளையை நான் கேட்டதாகச் சொல், அவர் அம்மாவுக்கும் இரண்டு வரி எழுது. மாசி மகத்தன்று தண்ணீர் ஏறும்போது நான் கரையில் நிற்பேன், உன்னை நினைத்துக்கொண்டு ஒரு கை தண்ணீர் அள்ளித் தலையில் தெளித்துக்கொள்வேன், அது உனக்கும் சேரும். நீங்கள் இருவரும் நூறு வருஷம் நிறைந்து வாழவேண்டும், நீ நினைத்ததெல்லாம் கைகூடவேண்டும். மாசி கடைசி என்பதை மறந்துவிடாதே. உனக்காக நான் சாமி கும்பிடலாம், உனக்காக விரதம் இருக்கலாம், உனக்காகத் தண்ணீர்கூடத் தெளித்துக்கொள்ளலாம். உனக்காகப் பேச மட்டும் என்னால் முடியாது என்று சிதம்பரத்தில் தெரிந்துகொண்டேன். நான் என்னுடையதை மட்டும்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறேன் கண்ணு, உன்னுடையது இன்னும் அப்படியே இருக்கிறது.

மடவை ஓடைக்கரையிலிருந்து,
உன் அம்மா
பூவம்மாள்